பழகிய காதுகள்: ஒரு மறுப்பு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் ஃப்ரீ இம்ப்ரொவைசேஷன் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இந்த இசைக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் என் நன்றி. எழுதிவைத்த ஸ்வரம் கிடையாது, ராகம் கிடையாது, தாளம் கிடையாது, யார் தொடங்குவது என்ற பேச்சுகூடக் கிடையாது. மேடையில் உட்கார்ந்த பிறகு என்ன பிறக்கிறதோ அதுதான் இசை. அதற்குக் கட்டற்ற மனோதர்மம் என்று கட்டுரையாளர் பெயர் வைத்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. இந்தக் கடிதத்தில் நானும் அந்தப் பெயரையே எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் கட்டுரையின் கடைசிப் பகுதி என்னைத் தூங்கவிடவில்லை. பல ஆண்டுகள் சேர்ந்து வாசித்தவர்கள் செய்வது உண்மையான மனோதர்மம் ஆகாது என்கிறார். அடுத்து என்ன வரும் என்று ஒருவருக்கொருவர் தெரிந்துவிட்ட பிறகு அது ஒத்திகை பார்த்த நாடகம்தானாம். முன்பின் தெரியாதவர்கள் முதல்முறை சந்திக்கும்போது மட்டும்தான் இந்த இசைக்கு உயிர் இருக்குமாம். ஆகவே விழா நடத்துகிறவர்கள் பழைய ஜோடிகளைக் கூப்பிடுவதை விட்டுவிட்டு, புதிது புதிதாக ஆட்களைக் கோத்துவிட வேண்டும் என்று யோசனையும் சொல்லியிருக்கிறார்.

நான் கிளாரினெட் வாசிக்கிறவள். ஒரே தாளவாத்தியக்காரரோடு 23 ஆண்டுகளாக இந்த இசையை வாசித்துவருகிறேன். என்னைவிட ஆறு வயது இளையவர். அவருக்கு நான் அக்கா, எனக்கு அவர் தம்பி. வாரத்தில் ஒரு மாலை என்று கணக்குவைத்தால் ஆயிரம் தடவைக்கு மேல் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம். கட்டுரையாளர் சொல்வது எங்களைப் போன்றவர்களைப் பற்றித்தான் என்பதால் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. எங்கள் ஏழாவது வருடத்தில் அதுதான் நடந்தது. பழைய ஒலிப்பதிவுகளை ஒருநாள் சேர்த்துவைத்துக் கேட்டோம். பதினொரு பதிவு. பதினொன்றும் மெல்லத் தொடங்கின, நடுவில் வீங்கின, மெல்ல அடங்கின. கீழிருந்து நான் ஒரு நீண்ட ஸ்வரம் கொடுப்பேன், அவர் ஈரக் கட்டைவிரலால் தோலைத் தேய்ப்பார், கொஞ்ச நேரத்தில் இருவரும் ஏறுவோம், உச்சியில் ஒரு கத்தல், பிறகு இறக்கம். ஒரே வீட்டுக்குப் பதினொரு முறை போய்வந்த மாதிரி இருந்தது. ஐந்தாவது பதிவு ஓடும்போதே அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். இருவரும் ஒன்றும் பேசவில்லை. எனக்கு அழுகை வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

அடுத்த வாரம் அவர் சிம்பல் என்கிற உலோகத் தட்டு எதுவும் கொண்டுவரவில்லை. ஒரே ஒரு டிரம், இரண்டு குச்சி. முன்கூட்டிச் சொல்லவும் இல்லை. அதைப் பார்த்ததும் நான் கிளாரினெட்டைக் கழற்றினேன். கீழ்ப்பாதியையும் மணிவாயையும் பெட்டியிலேயே வைத்துவிட்டு, வாய்முனையும் மேல்பாதியும் மட்டும் வைத்துக்கொண்டு வாசித்தேன். நான் சொந்தம் கொண்டாடும் அந்த நீண்ட கீழ் ஸ்வரம் இப்போது கருவியிலேயே இல்லை. நான்கு மாதம் அப்படியே வாசித்தோம். பழக்கம் இருக்கிறது என்று எங்களுக்குக் காட்டிக்கொடுத்ததும் பழக்கம்தான், அதை உடைக்க ஒருவர் மட்டும் முயன்றால் போதாது என்று புரியவைத்ததும் அதுதான். ஒரே ஒரு நாள் சந்தித்துப் பிரிகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் வராது என்பது சரி. ஆனால் அந்த நான்கு மாதமும் அவர்களுக்கு வராது.

முதல் சந்திப்புகளும் எனக்குப் புதியவை இல்லை. முன்பின் தெரியாதவர்களோடு நாற்பது தடவையாவது வாசித்திருப்பேன். அவற்றில் மறக்க முடியாதவை இருக்கின்றன. ஒரு செல்லோக் கலைஞர், எங்களுக்குள் பொதுவான மொழி ஒன்றும் கிடையாது, முதல் நொடியிலிருந்தே நான் போகாத இடத்துக்கெல்லாம் என்னை இழுத்துப்போனார். அதை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். ஆனால் பெரும்பாலான முதல் சந்திப்புகளில் நடப்பது மரியாதை. நான் படபடவென்று ஒன்று வாசித்தால் அவரும் படபடவென்று வாசிப்பார். ஒருவர் சத்தம் கூட்டினால் எல்லோரும் கூட்டுவோம். யாரும் யாரையும் தனியாக விட்டுவிடத் துணிவதில்லை, எதிர்த்து நிற்கவும் துணிவதில்லை. மௌனம் வந்தால் யாருக்கோ தடுமாற்றம் என்று நினைத்து யாராவது அவசரமாக அதை நிரப்பிவிடுவார்கள். கடைசியில் எல்லோரும் மெலிந்து மெலிந்து, கண்ணும் கண்ணும் சந்தித்து, ஒரு தலையசைப்பில் முடிந்துவிடும். இதற்கு முன்னால் ஒரு ஒத்திகையும் இல்லைதான். ஆனாலும் எந்த ஊர்க்காரர்கள் சேர்ந்தாலும் இதே வடிவம் வருகிறது என்றால், ஒத்திகை பார்க்காத நாடகமும் ஒரே நாடகமாக இருக்க முடியும் என்றுதானே ஆகிறது?

தெரிந்தவரோடு வாசிப்பதில் என்ன கிடைக்கிறது என்பதற்கு ஒரு மாலையைச் சொல்கிறேன். அன்றைக்கு நான் அந்தப் பழைய நீண்ட கீழ் ஸ்வரத்தைத் தொடங்கினேன். அவர் வழக்கம்போலத் தோலைத் தேய்ப்பார் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். அவர் இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் மூச்சு எவ்வளவு தூரம் போகும் என்பது அவருக்கு அளந்துவைத்த மாதிரி தெரியும். கடைசிச் சொட்டுவரை காத்திருந்து, அது அறுந்துபோகவும் விட்டார். பிறகு மௌனம். நானும் தொடவில்லை. எவ்வளவு நேரம் என்று பிறகு பதிவைப் பார்த்தால் ஒரு நிமிடத்துக்கும் மேல். அந்த மௌனத்துக்குள் ஒரு சிறு மணியைப் பித்தளைக் கிண்ணத்தில் போட்டார். அந்த ஒற்றை ஒலிக்கு நான் என்ன பதில் கொடுத்தேன் என்பதை என் வாழ்நாளில் நான் வாசித்த நல்ல நிமிடங்களில் ஒன்றாக வைத்திருக்கிறேன். அவர் மறுக்கிறார் என்பது எனக்கு எப்படித் தெரிந்தது? வழக்கமாக என்ன செய்வார் என்று தெரிந்திருந்ததால்தான். புதியவர் ஒருவர் கைகட்டி உட்கார்ந்திருந்தால் அவருக்கு உடம்பு சரியில்லையோ என்று நினைத்திருப்பேன்.

கட்டுரையாளர் தன் கருத்துக்குத் துணையாக டெரெக் பெய்லியை அழைக்கிறார். அந்தக் கிதார் மேதை மீது எனக்கும் பெரிய மரியாதை உண்டு. கம்பெனி என்ற பெயரில் அவர் 1976-ல் தொடங்கிய ஏற்பாடும், 1977 முதல் நடத்திய கம்பெனி வீக் நிகழ்ச்சிகளும், வழக்கமாகச் சேர்ந்து வாசிக்காதவர்களை மாற்றி மாற்றிக் கோத்துவிடுவதற்காகவே பிறந்தவை. குழுக்கள் இறுகிப்போகும் என்ற பயம் அவருக்கு உண்மையிலேயே இருந்தது. ஆனால் அந்த மனிதருக்கு இந்த இசை எங்கே கிடைத்தது? 1963-லிருந்து 1966 வரை இங்கிலாந்தின் ஷெஃபீல்டில், மதுக்கடை ஒன்றின் மாடி அறையில், டோனி ஆக்ஸ்லி டிரம்ஸ், கேவின் பிரையர்ஸ் டபுள் பேஸ், பெய்லி கிதார் என்று மூன்றே பேர் திரும்பத் திரும்பச் சேர்ந்து வாசித்துத்தான் வழக்கமான ஜாஸிலிருந்து படிப்படியாக வெளியே வந்தார்கள். ஜோசஃப் ஹோல்புரூக் என்று ஒரு இசையமைப்பாளரின் பெயரைக் குழுவுக்கு வைத்துக்கொண்டார்கள், அவருடைய இசையை வாசித்ததே இல்லை. அந்தக் கதவு தெரியாதவர்களோடு திறக்கவில்லை. அதே மூவரும் 1998-ல், ஆக்ஸ்லியின் அறுபதாவது பிறந்தநாளையொட்டி, ஜெர்மனியின் கொலோன் நகரில் மீண்டும் சேர்ந்தார்கள். இடையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடியிருந்தது. பழகியவர்களோடு வாசிப்பது வீண் என்று பெய்லி நினைத்திருந்தால் அந்த மேடையில் ஏன் உட்கார வேண்டும்?

தெரிந்தவர்கள் என்றாலே ஒத்துப்போகிறவர்கள் என்று கட்டுரையாளர் எடுத்துக்கொண்டுவிட்டார் என்று நினைக்கிறேன். பியானோக் கலைஞர் மிஷா மெங்கல்பெர்க்கும் டிரம்ஸ் கலைஞர் ஹான் பெனிங்கும் வாசிப்பதைக் கேட்டவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். 1964 ஜூனில் அமெரிக்க ஜாஸ் கலைஞர் எரிக் டால்ஃபி நெதர்லாந்தில் வாசித்தபோது அவருக்குப் பக்கத்தில் இருந்த இளைஞர்கள் இவர்கள் இருவரும். 1967-ல் சாக்ஸஃபோன் கலைஞர் வில்லெம் பிராய்க்கரோடு சேர்ந்து ஐசிபி என்ற இசைக் கலைஞர்கள் அமைப்பைத் தொடங்கினார்கள். மெங்கல்பெர்க் 2017-ல் காலமானார். அவர்களுடைய பதிவுகளைக் கேட்டால் ஒருவர் காலை ஒருவர் வாரிவிடுவதே வேலையாக இருப்பது போலிருக்கும். பெனிங்க் குதிகாலை டிரம் மேல் வைத்து ஒலியை வளைப்பார், எழுந்து தரையைத் தட்டுவார், நாற்காலியைத் தட்டுவார். அத்தனை இடிக்கும் நடுவில் மெங்கல்பெர்க் ஒன்றுமே நடக்காதது போல இரண்டு விரலால் ஏதோ ஒரு சின்ன மெட்டைத் தேடிக்கொண்டிருப்பார். இடி ஓய்ந்ததும் பார்த்தால் அந்த மெட்டு நின்றுகொண்டிருக்கும். நேற்றுச் சந்தித்தவரிடம் இந்த உரிமையை எடுத்துக்கொள்ள முடியுமா? மனம் புண்பட்டுவிடும். பல ஆண்டு பழக்கம் இருந்தால்தான் இவ்வளவு தூரம் எதிர்த்து வாசிக்க முடியும் என்பதற்கு இவர்களைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

வேறு வகைப் பழக்கமும் உண்டு. பியானோவில் அலெக்சாண்டர் ஃபான் ஷ்லிப்பன்பாக், சாக்ஸஃபோனில் ஈவன் பார்க்கர், டிரம்ஸில் பால் லோவன்ஸ். 1970-களின் தொடக்கத்தில் சேர்ந்த இந்த மூவர் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சேர்ந்தே வாசித்தார்கள். குளிர்காலம் வந்தால் ஒவ்வொரு வருடமும் சுற்றுப்பயணம். அதே மூன்று கருவிகள், அதே மூன்று பேர். 1972-ல் பதிவான அவர்களுடைய முதல் ஆல்பத்தையும் பிற்காலப் பதிவு ஒன்றையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பார்க்கரின் மூச்சு அறாத வாசிப்பு இரண்டிலும் இருக்கும். ஆனால் ஆரம்பத்தில் மூன்று பேரும் எல்லா இடத்தையும் நிரப்பினார்கள் என்றால், பிற்காலத்தில் யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்த இடம் எப்போதும் காதில் விழும். அந்த இடைவெளியைக் கேட்கத்தான் அவர்களுடைய ரசிகர்கள் வருடந்தோறும் போனார்கள் என்பது என் எண்ணம். மூன்று இசைக் கலைஞர்கள் ஒன்றாக வயதாவதை இசையிலேயே கேட்பது வேறு எங்கும் சுலபமாகக் கிடைக்காது.

இதே இசையை வாசித்த ஏஎம்எம் என்ற குழுவையும் சொல்ல வேண்டும். லண்டனில் 1965-ல் தொடங்கியது. கீத் ரோ கிதாரை மேஜையில் படுக்கவைத்து, பக்கத்தில் ரேடியோவை ஓடவிட்டு வாசித்தவர். எடி பிரேவோ தாளவாத்தியம், பிற்காலத்தில் ஜான் டில்பரி பியானோ. அவர்களைக் கேட்கும்போது எந்த ஒலி யாருடையது என்றே பல நேரம் தெரியாது. தன் ஒலி எது என்று காட்டிக்கொள்ளும் ஆசை அடங்கிப்போவதற்குக் காலம் வேண்டும். 2004-ல் ரோ விலகிய பிறகு பிரேவோவும் டில்பரியும் இருவராகவே தொடர்ந்தார்கள். மூன்றாவது ஆளின் இடத்தை அவசரப்பட்டு நிரப்பாமல் வாசித்த அந்தப் பதிவுகளை நான் இரவில் மட்டும்தான் கேட்பேன். ஆஸ்திரேலியாவில் 1987-ல் தொடங்கிய தி நெக்ஸ் என்ற குழுவின் மூவரும் இன்றுவரை எந்தத் திட்டமும் இல்லாமல் மேடையேறுகிறார்கள். யாராவது ஒருவர் தொடங்குவார், ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு ஒரே பாட்டாக அது வளரும். அவசரமே இல்லாத அந்த வளர்ச்சி, ஒருவர் தவறவிட்டால் மற்றவர் பிடித்துக்கொள்வார் என்ற நம்பிக்கை இல்லாமல் நடக்காது.

நாங்கள் எப்படித் தொடங்கினோம் என்பதையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலேய டிரம்ஸ் கலைஞர் ஜான் ஸ்டீவன்ஸ் (1940-1994) சொல்லிக்கொடுத்த பயிற்சிகள் இரண்டை எடுத்துக்கொண்டோம். ஒன்று, முடிந்தவரை சின்ன ஒலி, தட்டினதும் தெரியாமல் போய்விட வேண்டும். இன்னொன்று, ஒரு மூச்சு இழுத்து அது தீரும்வரை ஒரே ஸ்வரம், பிறகு மறுபடி மூச்சு, மறுபடி ஸ்வரம். எனக்கு இது எளிது, ஊதுகிற கருவி. டிரம்ஸ் வாசிக்கிறவர் என்ன செய்வார்? அவர் வயலின் வில் ஒன்றை வாங்கிவந்து சிம்பலின் ஓரத்தில் இழுத்தார். தன் மூச்சு எவ்வளவு நேரம் போகிறதோ அவ்வளவு நேரம்தான் இழுப்பார். மூச்சை விட்டுக்கொண்டே இழுப்பார். முதல் வருடம் பெரும்பாலும் இதையே செய்தோம். பக்கத்தில் வாசிப்பவரின் ஒலி காதில் விழவில்லை என்றால் நீ வாசிப்பது சத்தம் அதிகம் என்பது ஸ்டீவன்ஸின் கணக்கு. இன்றும் என் சத்தம் கூடினால் தம்பி ஒன்றும் சொல்ல மாட்டார், இன்னும் மெதுவாக வாசிப்பார். நான் இறங்கி வரும்வரை மெதுவாகிக்கொண்டே போவார்.

நான்கு வருடத்துக்கு முன் அவருடைய வலது காதில் மேல் ஒலிகள் குறையத் தொடங்கின. டிரம்ஸ் வாசிக்கிறவர்களுக்கு வரக்கூடியதுதான். முதலில் என்னிடம் சொல்லவில்லை. நான் மேல் ஸ்தாயிக்குப் போகும்போது அவர் பதில்கள் அரை நொடி தாமதமாக வருவதைக் கவனித்தேன். இரண்டு வாரம் பொறுத்துக் கேட்டேன். “மேல போறது மட்டும் பஞ்சு வெச்ச மாதிரி கேக்குதுக்கா” என்றார். “எப்பலேர்ந்து?” என்றேன். “உங்களுக்குத் தெரிஞ்சிரும்னுதான் சொல்லாம இருந்தேன்” என்றார்.

அன்றிலிருந்து இடம் மாறி உட்காருகிறோம், அவருடைய இடது காது என் பக்கம் இருக்கும்படி. இரண்டு பேருக்கும் இருபது வருடமாகப் பழகிய கோணம் மாறிப்போனது. எனக்கு அவருடைய இடது கை மட்டும்தான் தெளிவாகத் தெரிகிறது, வலது கை என்ன செய்கிறது என்று காதால்தான் பிடிக்க வேண்டும். நான் கிளாரினெட்டின் அடி ஸ்தாயியில், ஷாலுமோ என்பார்களே அங்கே, அதிக நேரம் இருக்கப் பழகினேன். அங்கே இவ்வளவு அறைகள் இருந்தது எனக்குத் தெரியாமலே போயிருக்கும். அவரும் சிறு மணிகளையும் மெல்லிய சிம்பல்களையும் மூட்டைகட்டிவிடுவார் என்று நினைத்தேன். விடவில்லை. டிரையாங்கிளை, அந்த முக்கோணக் கம்பியை, இன்னும் கொண்டுவருகிறார். “உங்களுக்குக் கேட்டாப் போதும்” என்கிறார். அவருக்குச் சரியாகக் கேட்காத ஒலியை அவர் என் முகத்தைப் பார்த்து வாசிக்கிறார். இதை எந்தப் புதியவரோடு அவர் செய்ய முடியும் என்று கட்டுரையாளரிடம் கேட்கிறேன்.

பியானோக் கலைஞர் செசில் டெய்லரும் சாக்ஸஃபோன் கலைஞர் ஜிம்மி லயன்ஸும் 1960-களின் தொடக்கம் முதல் 1986-ல் லயன்ஸ் இறக்கும்வரை சேர்ந்து வாசித்தார்கள். அதன் பிறகு டெய்லர் 2018 வரை வாழ்ந்தார், எத்தனையோ பெரிய கலைஞர்களோடு வாசித்தார், அந்தப் பதிவுகளில் பலவற்றை நான் கொண்டாடுகிறேன். ஆனால் டெய்லரின் புயலுக்குள்ளிருந்து ஒரு பாட்டை வெளியே எடுத்து நீட்டுகிற லயன்ஸின் அந்தக் குரல் மறுபடி அங்கே கேட்கவில்லை. இப்படிப்பட்ட ஜோடி போய்விட்டால் அதற்கு மாற்று கிடையாது. அதனால்தான் விழாக்களில் அவர்களுக்கு இடம் கொடுக்காதீர்கள் என்ற யோசனை எனக்கு இவ்வளவு வலிக்கிறது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். புதியவர்கள் சந்திக்கும் மேடைகள் நிறைய வரட்டும், அவற்றைப் பற்றியும் எழுதுங்கள். ஆனால் பழைய ஜோடி ஒன்று அடுத்தடுத்து இரண்டு நாள் வாசித்தால் உங்கள் விமர்சகரை இரண்டு நாளும் அனுப்புங்கள். ஒரு நாள் கேட்டுவிட்டு “இது அவர்களுடைய வழக்கம்” என்று எழுத முடியாது. எது வழக்கம், எது அன்றைக்கு மீறியது என்று பிரித்தறிய இரண்டாம் நாள்தான் உதவும். முடிந்தால் கட்டுரையாளரே எங்களோடு ஒரு மாலை வந்து உட்காரட்டும். பேசாமல் கேட்பதாக இருந்தால் எந்த மாலையும் வரலாம்.

போன வியாழக்கிழமை சுமார் நாற்பது நிமிடம் வாசித்தோம். கடைசியில் நான் கருவியை மடியில் இறக்கிவிட்டேன். அவர் டிரையாங்கிளை ஒரே ஒரு முறை தட்டினார். மிக மெல்லத் தட்டியதால் அவருக்குத் தட்டிய அந்த நொடியைத் தவிர வேறொன்றும் கேட்டிருக்காது. எனக்கு அது நீண்டுகொண்டே போனது. அவர் கம்பியைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒலி தேய்ந்து எனக்கும் கேட்காமல் போன நொடியில் என் முகத்தில் என்ன மாறியதோ தெரியாது, அவர் கையை இறக்கினார்.

இப்படிக்கு,
ஒரு கிளாரினெட் கலைஞர்